காரைக்குடியின் பொருள் கணக்கு இடிபடும் வீடுகளில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயரில் நம் நாளிதழ்களில் வரும் செய்திகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் குப்பையைப் பற்றியே பேசுகின்றன. நாளொன்றுக்கு எத்தனை டன் சேர்கிறது, எந்த இயந்திரம் அதைப் பிரிக்கும், எங்கே கொட்டுவது, எதை எரிப்பது என்ற கேள்விகளைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. 2024ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட காரைக்குடியிலும் அதே நிலைதான். கட்டுமானப் பொருள்களைப் பற்றி நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்று கருதுகிறேன். ஓர் ஊருக்குள் என்னென்ன பொருள்கள் எவ்வளவு வருகின்றன, எத்தனை காலம் தங்குகின்றன, என்ன உருவில் வெளியேறுகின்றன என்ற கணக்கை முதலில் எழுத வேண்டும். இயந்திரம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. செட்டிநாட்டில் அந்தக் கணக்கின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை, ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும் நம் பழைய வீடுகள்.

இந்தக் கணக்குக்கு ஓர் அறிவுத்துறையே இருக்கிறது. தொழிற்சாலைகளையும் நகரங்களையும் உயிரினத் தொகுதிகளைப் போல ஆராய்வதால் அதற்குத் தொழிற்சூழலியல் என்று பெயர். 1989ஆம் ஆண்டு ராபர்ட் ஃப்ராஷ், நிக்கோலஸ் கல்லோபுலோஸ் என்ற இரு அமெரிக்கத் தொழில்துறை ஆய்வாளர்கள், காட்டில் ஓர் உயிரின் கழிவு மற்றோர் உயிருக்கு உணவாவதைப் போல ஓர் ஆலையின் கழிவு அடுத்த ஆலைக்கு மூலப்பொருளாகும்படி உற்பத்தியை ஏன் அமைக்கக்கூடாது என்று கேட்டு எழுதிய கட்டுரை அத்துறைக்குப் பரவலான கவனத்தைத் தேடித்தந்தது. ராபர்ட் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் போன்றோர் ஒரு நாட்டின் தொழில் முழுவதையும் உண்டு செரித்து வெளியேற்றும் ஓர் உடலாகக் கொண்டு எடைபோடும் முறையை வகுத்தனர். அதன் அடிப்படை மிக எளிது. பொருள் அழிவதில்லை. ஆகவே உள்ளே வந்தது ஒன்று ஊருக்குள் இருக்க வேண்டும், அல்லது வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும், அல்லது மண்ணிலோ நீரிலோ காற்றிலோ கலந்திருக்க வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களின் ஊரில் இதைப் புரியவைப்பது கடினமன்று. பற்று எது, வரவு எது என்று பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு போட்டு, ஒரு காசு குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தேடிய மரபு இங்கே இருந்தது. அந்தத் தேடலைப் பணத்துக்கு மட்டுமன்றிச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் உமிக்கும் செய்வதே தொழிற்சூழலியல்.

உலக அளவில் இந்த ஐந்தொகை மிக மோசமாக இருக்கிறது. பூமியிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் கனிமம், எரிபொருள், மரம், விளைபொருள் ஆகியவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 10,000 கோடி டன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப் போல் மூன்று மடங்கு. இப்படிப் பயன்படும் பொருளில் மீண்டும் சுழற்சிக்கு வந்தது 2018இல் 9.1 சதவீதம் என்று மதிப்பிட்ட அதே உலகளாவிய அறிக்கைத் தொடர், 2023இல் அதை 7.2 சதவீதமாகக் குறைத்துக் கணித்தது. மறுசுழற்சி ஆலைகள் பெருகிய அதே ஆண்டுகளில்தான் விகிதம் சரிந்திருக்கிறது. எடுப்பது அதைவிட வேகமாகப் பெருகியதே காரணம். இப்படி எடுக்கப்படும் பொருளில் ஏறத்தாழப் பாதி மணல், ஜல்லி, கல் போன்ற கட்டுமானக் கனிமங்கள் என்பதைக் கவனித்தால், வீட்டைப் பற்றிப் பேசாமல் சுழற்சியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது விளங்கும்.

செட்டிநாட்டு வீட்டைக் கலை என்று பாராட்டுவோர் பலர். நான் அதை ஒரு பொருள் சேமிப்பாகப் பார்க்கக் கோருகிறேன். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில் பர்மாத் தேக்குத் தூணும் உத்திரமும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியக் கண்ணாடியும், ஜப்பானியப் பூ ஓடும் இருப்பதை எல்லோரும் சொல்வார்கள். எடைபோட்டுப் பார்த்தால் இவை எல்லாம் சேர்ந்து வீட்டின் சிறு பகுதியே. பெரும் பகுதி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நாட்டு ஓடும்தான். அந்தச் சுண்ணாம்பில்தான் இந்த வீடுகளின் உண்மையான நுட்பம் ஒளிந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறி 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீற்றிச் சாந்தாக்கிப் பூசிய பிறகு, சுவர் இறுகும் காலம் முழுவதும் காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. சூளைக்கு எரித்த விறகின் புகை திரும்பாது என்பது உண்மைதான். ஆயினும் கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதி சுவருக்கே திரும்பிவிடுகிறது. கடுக்காய் நீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பல பூச்சுகளாகத் தேய்த்த சுவர், நூறு ஆண்டு கடந்தும் கை வைத்தால் வழுக்குவது இந்த வேதியியலும் கொத்தனாரின் உழைப்பும் சேர்ந்ததால்.

இதைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. எனவே சுவரைப் பொறுமையாகப் பிரித்தால் காரை உதிர்ந்து செங்கல் முழுதாகக் கைக்கு வரும். அதைக் கொண்டு அடுத்த சுவரை எழுப்பலாம். உடைந்த செங்கல்லையும் ஓடுகளையும் இடித்துப் பொடியாக்கினால் அது சுர்க்கி. சுண்ணாம்போடு கலந்தால் ஈரத்திலும் இறுகும் சாந்து கிடைக்கும். சற்றுப் பெரிய துண்டுகளைச் செங்கல் ஜல்லியாக மொட்டைமாடித் தளத்துக்கு இடுவார்கள். மரவேலை முழுவதும் துளையும் நாக்கும் கோத்த இணைப்பு என்பதால் ஆசாரி ஒருவர் அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்ட முடியும். பிரிக்கத்தக்கதாகவே வடிவமைக்க வேண்டும் என்று இன்றைய ஐரோப்பியக் கட்டட ஆய்வாளர்கள் புதுமையாக முன்வைக்கும் கொள்கை இங்கே நடைமுறையாக இருந்தது. சிமெண்ட் சாந்து இதற்கு நேர்மாறானது. அது செங்கல்லைவிட வலிமையாகப் பிடித்துக்கொள்வதால், சுவரை உடைக்கும்போது செங்கல்தான் முதலில் நொறுங்குகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதோடு, அதைக் கொண்டு கட்டியதைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் செலவில் எழுத வேண்டும்.

இத்தனை பண்பும் உள்ள வீடு இன்று எப்படி முடிகிறது? பங்காளிகள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் பரவியிருக்க, பராமரிப்புச் செலவைப் பகிர முடியாமல், ஓடு விலகிய ஓரிடத்தில் நீர் இறங்கத் தொடங்குகிறது. சில மழைக்காலங்களில் உத்திரம் இற்றுப்போகிறது. பிறகு மொத்தமாக விலை பேசப்படுகிறது. தூண், நிலை, கதவு, கண்ணாடி, பளிங்கு ஆகியவை கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கும் அங்கிருந்து பெருநகர விடுதிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகின்றன. இந்த வணிகத்தை நான் குறை கூறவில்லை. அந்தக் கடைகள் இல்லாதிருந்தால் பல நூறு கதவுகள் விறகாகியிருக்கும். மரத்தின் உலர் எடையில் பாதி கரிமம் என்பதால், ஒரு தூண் தூணாகவே நிற்கும் வரை அந்தக் கரிமம் காற்றுக்குப் போகாமல் இருக்கிறது. ஆனால் வணிகத்தின் கை விலையுள்ளதை எடுத்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மீதமுள்ள செங்கல், காரை, ஓடு எல்லாவற்றையும் பொக்லைன் ஒரே நாளில் குவியலாக்கி, டிராக்டர்கள் அள்ளிச் சென்று கண்மாய்க் கரையிலோ வரத்துக் கால்வாயிலோ ஊருக்கு வெளியே பள்ளத்திலோ கொட்டிவிடுகின்றன. வீட்டின் முற்றத்தில் விழுந்த மழையைச் சேர்த்தும், தெருநீரை ஊருணிக்கு வழிநடத்தியும் ஊரமைத்தவர்களின் வீடே, இடிந்த பின் அந்த ஊருணியின் வரத்தை அடைக்கிறது. அதே இடத்தில் எழும் புதிய கட்டடத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளை உடைத்து எம்சாண்டும் ஜல்லியும் வருகின்றன. ஓர் ஊர், தன்னிடம் இருந்த சரக்கைத் தண்ணீரில் கொட்டிவிட்டு அதே சரக்கை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது.

சட்டம் இதைத் தடுக்குமா என்று பார்த்தால் ஏமாற்றமே. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன் கழிவை உண்டாக்குவோர் அதைக் கற்காரை (கான்கிரீட்), மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. நம் வீடுகளை இடிக்கும்போது இந்த எல்லை எளிதில் எட்டப்படும். ஆயினும் பிரித்துத் தருவதைக் கேட்டு வாங்குவாரைச் செட்டிநாட்டின் எந்த ஊரிலும் நான் கண்டதில்லை. 2025இல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாகக் குறிக்கப்பட்ட புதிய விதிகள், கழிவுக்கான விரிவான பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்கள்மீது சுமத்துகின்றன. பெருநகர அடுக்குமாடிகளுக்கு இது பொருந்தும். வளவு எனப்படும் உள்முற்றம் கொண்ட ஒரு செட்டிநாட்டு வீடு, எவ்வளவு பெரியதாகத் தோன்றினாலும், அந்த அளவின் பக்கத்தில்கூட வராது. எனவே செட்டிநாட்டுக்கான ஏற்பாட்டைத் தில்லியிலிருந்து எதிர்பார்க்க முடியாது. மாநகராட்சியும் சுற்றியுள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதில் முதலிடம் வீடு வீடாகவே நிற்பதற்குத்தான். கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் சில வீடுகள் விடுதிகளாக மாறிப் பிழைத்திருக்கின்றன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டே செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றுவிட்டன. எல்லா வீடும் விடுதியாக முடியாது என்பதையும் அறிவேன். ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றுவதற்கு ஒரு சிறு கடனும், பங்காளிகள் அனைவரின் கையொப்பமும் இல்லாமலேயே அவசரப் பழுது பார்க்க அனுமதிக்கும் ஒரு நடைமுறையும் இருந்தால், பல வீடுகள் இடிபடும் நிலைக்கே வராமல் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும்.

இடித்தே தீர வேண்டும் என்றால், அனுமதி கேட்கும்போதே அந்த வீட்டில் உள்ள பொருள்களின் பட்டியலை இணைக்கச் சொல்ல வேண்டும். செங்கல் எவ்வளவு, எந்த அளவு, காரை சுண்ணாம்பா சிமெண்டா, மரம் எத்தனை கன அடி, ஓடு எத்தனை சதுர அடி என்ற அளவில் போதும். பிரிப்பதற்குப் போதிய கால அவகாசம் கொடுக்க வேண்டும். அவசரமே செங்கல்லின் பெரிய எதிரி. பொக்லைன் ஒரு நாளில் செய்வதைக் கைகளால் செய்யப் பல வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்கள் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஆசாரிக்கும் கூலியாகின்றன என்பதை நட்டக் கணக்கில் எழுதக்கூடாது. பிரித்த பொருளை வைக்க மாநகராட்சி ஒரு கிடங்கு திறந்து, தரம் பார்த்து, அளவு குறித்து, நிர்ணயித்த விலையில் விற்க வேண்டும். பழைய வீட்டைப் பழுது பார்ப்பவருக்கு அதே அளவுச் செங்கல் இன்று கிடைப்பதில்லை. கோணாபட்டில் இடிந்த சுவரின் கல் பள்ளத்தூரில் சரியும் சுவருக்குப் போய்ச் சேர ஓர் இடம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து ஆலைக்கு வருகிறேன். நம் பகுதி அரிசி ஆலைகளுக்குப் போகும் நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் உமி. அதைக் கொதிகலனில் எரித்து நெல் அவிக்கிறார்கள். தவிட்டிலிருந்து எண்ணெயும், எண்ணெய் எடுத்த பின் மாட்டுத் தீவனமும் கிடைக்கின்றன. அதுவரை சுழற்சி ஒழுங்காகவே நடக்கிறது. உமி எரிந்து கிடைக்கும் சாம்பல்தான் தெருவில் நிற்கிறது. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் என்றால், ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ. அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. சுண்ணாம்போடும் சிமெண்டோடும் சேர்ந்து இறுகும் தன்மை அதற்கு உண்டு. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கற்காரைத் தரவிதி அதைச் சேர்க்க 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடமளித்திருக்கிறது. பிறகு ஏன் அது பொட்டலில் பறக்கிறது? எரியும் வெப்பம்தான் காரணம். ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குக் கீழே கட்டுப்பாடாக எரிந்த சாம்பலின் சிலிக்கா வினைபுரியும். அதற்கு மேல் வெகுநேரம் எரிந்தால் படிகமாகி மந்தமாகிவிடும். குறைவாக எரிந்தால் கரி தங்கிக் கறுப்பாக இருக்கும். கொதிகலனை நெல் அவிப்பதற்காக மட்டுமே இயக்கும் ஆலைக்காரருக்கு இந்த வேறுபாடு தேவைப்பட்டதில்லை. சாம்பலுக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்தால் தேவைப்படும்.

அந்த விலையைத் தரக்கூடிய தொழில் சில கிலோமீட்டரிலேயே இருக்கிறது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குச் சூளை இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் பரப்பி, நீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பு. எரிபொருள் கேட்காத இந்தத் தொழிலின் ஒரே பெரிய சுமை சிமெண்ட். முகத்தில் உள்ள வண்ணப் பூச்சில் சாம்பலைக் கலந்தால் நிறம் மங்கும் என்பதால் அதைத் தொட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பின்புற அடுக்கில் சிமெண்டின் ஒரு பங்குக்குப் பதிலாக உமிச்சாம்பலையும், மணலின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சலித்த செங்கல் பொடியையும் சேர்த்துப் பார்க்கலாம். எந்த விகிதம் வரை வலிமை குறையாது, எத்தனை நாள் கூடுதலாக நீரில் கிடக்க வேண்டும் என்பதைக் காரைக்குடியிலேயே உள்ள அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் மாணவர்கள் ஓராண்டில் சொல்லிவிட முடியும். இந்த வேலைக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஆலைக்காரரும் கல் செய்பவரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். உட்கார வைப்பதற்குத்தான் இன்று யாருக்கும் பொறுப்பு இல்லை.

உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரிலும் இப்படித்தான் நடந்தது. செட்டிநாட்டைப் போலவே அங்கும் தொடக்கம் தண்ணீர்ப் பற்றாக்குறை. நிலத்தடி நீர் போதாததால் 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று திஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்தது. 1972இல் அந்த ஆலை வீணாக எரித்துவிட்டுக்கொண்டிருந்த வாயுவைப் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை வாங்கத் தொடங்கியது. பின்னர் மின்நிலையத்தின் நீராவி சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் நகரத்து வீடுகளுக்கும் போயிற்று; மருந்து ஆலையின் நொதிக்கசடு வயல்களுக்கு உரமாயிற்று; மின்நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம் பலகை ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. எந்த அரசும் திட்டமிட்டுக் கட்டியதில்லை. இருவர் இருவராகச் செய்துகொண்ட வணிக ஒப்பந்தங்கள் சேர்ந்து உருவான வலை அது. அங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த மின்நிலையம் நிலக்கரியைக் கைவிட்டு மரச்சில்லுக்கு மாறிவிட்டது. கந்தக நிலக்கரி எரியாத இடத்தில் ஜிப்சமும் கிடையாது. ஓர் ஆலை இன்னும் நல்ல வழிக்கு மாறும்போது, பழைய கழிவை நம்பி வாழ்ந்தவர் தவிப்பார். ஆகவே எந்தக் கழிவைச் சுற்றித் தொழில் கட்டுகிறோம் என்பதையும் சிந்தித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கழிவு வேண்டும் என்பதற்காகவே அதை உண்டாக்கும் தொழிலைக் காப்பாற்றும் நிலை வந்துவிடும். எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்கும் இதுவே காரணம்; அவற்றுக்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும்.

டென்மார்க் வரை போகாமல் கரூர் மாவட்டம் புகளூருக்கே போய்ப் பார்க்கலாம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்துவந்தவை என்பதால், சக்கையைக் கொடுத்தால் அதற்கு ஈடான நீராவி கிடைக்க ஏற்பாடு செய்துதான் இந்த மாற்றம் நடந்தது. காகிதத் தயாரிப்பில் மிஞ்சும் சுண்ணாம்புக் கசடையும் கொதிகலன் சாம்பலையும் சேர்த்து அதே வளாகத்தில் சிமெண்ட் செய்கிறார்கள். திருப்பூரின் அனுபவம் வேறு வகை. நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகே, சாயநீரைச் சுத்திகரித்து நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை வேகம் பிடித்தது. நீர் திரும்புகிறது என்பது பெரிய வெற்றி. அதற்குச் செலவாகும் மின்சாரமும், பிரிக்க முடியாமல் சேர்ந்துகிடக்கும் கலப்பு உப்பும் அந்த வெற்றியின் மறுபக்கம். முதலிலேயே கணக்கு எழுதியிருந்தால் இவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

புதுமை என்ற சொல்லை உச்சரிக்கும்போது காரைக்குடிக்காரர்கள் வெளியே பார்க்க வேண்டியதே இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. உலோக அரிப்பு, மின்முலாம், மின்கலம் ஆகியவற்றில் எழுபது ஆண்டு அறிவு அங்கே திரண்டிருக்கிறது. இதே மாவட்டத்தின் தலைநகரான சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் தாதுவைத் தோண்டிச் செறிவூட்டுகிறது. மின்வண்டிகளுக்கான லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. பழைய மின்கலத்தை உருக்கி உலோகம் பிரிக்கும் ஆலைகளில் கோபால்ட்டும் நிக்கலும் மீட்கப்படும்போது, அந்தக் கிராஃபைட் உலையில் எரிந்து வீணாகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், மின்வண்டி மின்கலங்களில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2027-28இல் 5 சதவீதத்தில் தொடங்கி 2030-31இல் 20 சதவீதத்தை எட்ட வேண்டும் என்கின்றன. மீட்பதற்கான தேவை சட்டத்தால் பிறந்துவிட்டது. சுரங்கமும் ஆய்வகமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மீட்ட கிராஃபைட்டைத் தூய்மையாக்கிப் புதியதோடு கலந்து மீண்டும் மின்வாயாக்கும் ஒரு முன்னோட்ட ஆலைக்குச் சிவகங்கை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கனிமத்தைத் தோண்டி அனுப்பும் மாவட்டமாக மட்டும் நாம் இருந்துவிடக்கூடாது.

இந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர்கள் பழைய இரும்புக் கடைக்காரர்களும் தெருத்தெருவாக மிதிவண்டியில் சென்று வாங்கி வருவோரும். செம்பு எங்கே கிடைக்கும், எந்தப் பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு, எந்த வீடு அடுத்து இடிபடும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். விதிகள் முறைப்படுத்தப்படும்போது உரிமம், எடைமேடை, இணையப் பதிவு என்று நிபந்தனை கூடி, பெரிய நிறுவனங்களுக்கு வழிவிட்டு இவர்கள் ஒதுங்க நேர்கிறது. மாநகராட்சியின் கிடங்கைக் கட்டமைக்கும்போது இவர்களையே பதிவு செய்து, கையுறையும் நிழலும் நியாயமான எடையும் தந்து பணியில் சேர்க்க வேண்டும். சிறு தொகை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நீலகிரியே சான்று: 2022இல் மதுப்புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் திட்டம் தொடங்கிய பிறகு காட்டில் கண்ணாடி வீசுவது வெகுவாகக் குறைந்தது. கட்டட இடிப்புக்கும் இதைப் போல ஒரு வைப்புத்தொகை வாங்கி, பிரித்த பொருள் கிடங்குக்கு வந்த ரசீதைக் காட்டினால் திருப்பித் தரலாம்.

இதெல்லாம் செலவு என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இன்று அந்தச் செலவு இல்லாமலில்லை. தூர் வாரும் செலவாகவும், மூடிய வரத்துக் கால்வாயால் பெருகும் தெருவெள்ளமாகவும், தொலைவிலிருந்து வரும் ஜல்லியின் லாரி வாடகையாகவும் வேறு தலைப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பு மாறியிருப்பதால் கண்ணில் படவில்லை.

உண்மையான தடை வேறொன்று. அரசுப் பணிகளுக்கான விலை விகிதப் பட்டியலில் இடம்பெறாத பொருளை ஒரு பொறியாளர் தம் மதிப்பீட்டில் எளிதில் எழுத முடியாது. எழுதினால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். இடிபாட்டிலிருந்து செய்த ஜல்லியை வலிமை குறைந்த அடித்தளக் கற்காரைக்கு முழு அளவிலும் பயன்படுத்தலாம் என்று ஐ.எஸ். 383 தரவிதியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2016ஆம் ஆண்டு விதிகளே உள்ளாட்சிப் பணிகளில் 10 முதல் 20 சதவீதம் வரை இத்தகைய பொருளை வாங்கிப் பயன்படுத்தச் சொல்லியிருந்தன. ஆனால் நடைபாதைக் கல் பதிக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் புதிய ஜல்லி, புதிய சிமெண்ட் என்றுதான் இருக்கும். காரைக்குடி மாநகராட்சி தன் அடுத்த ஒப்பந்தப் புள்ளிகளில், நடைபாதை, வடிகால் அடித்தளம், பூங்காச் சுற்றுச்சுவர் ஆகிய மூன்று வேலைகளுக்கு மட்டுமாவது, மீட்ட செங்கல்லையும் மீட்ட ஜல்லியையும் தனி உருப்படியாக விலையோடு சேர்க்க வேண்டும். கிடங்கில் உள்ள சரக்குக்கு வாங்குபவர் உறுதியாக இருந்தால்தான் இடிப்பவர் பொறுமையாகப் பிரிப்பார்.

கணக்கெடுப்பை எல்லாப் பொருளுக்கும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எதுவும் முடியாது. முதல் ஆண்டில் செங்கல், சுண்ணாம்புக் காரை, உமிச்சாம்பல் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பொறியியல் கல்லூரி மாணவர்களையும் அழகப்பா பல்கலைக்கழக மாணவர்களையும் கொண்டு வார்டு வார்டாக இடிப்பு அனுமதிகளையும் ஆலைகளையும் கணக்கிட்டு, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எங்கே கொட்டப்பட்டது என்பதை மாமன்றக் கூட்டத்தில் வைத்து, மண்டல அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பேரூராட்சிகளையும் இதில் இணைத்துக்கொள்ள வேண்டும். இடிபடும் வீடுகளில் பல அங்கேதான் இருக்கின்றன. இடிபாட்டை ஏற்றிய டிராக்டருக்கு ஊர் எல்லை ஒரு பொருட்டன்று.

தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை மாநகராட்சி மேயர், ஆணையர் ஆகியோரின் கவனத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் கவனத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியியல் ஆசிரியர்,
காரைக்குடி.